முதல் நோட்டீஸ் அடிக்கப் போகிறீர்களா? டிசைன் முதல் கட்டிங் வரை, வேலூர் அனுபவத்திலிருந்து

என் அக்கா தோட்டப்பாளையத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறார். வைத்தியத்துக்காக வேலூர் வந்து, லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள்தான் வாடிக்கை. வங்காளம், ஜார்க்கண்ட், ஆந்திரா என்று பல ஊர்க்காரர்கள். "ஒரு நோட்டீஸ் அடிச்சு லாட்ஜ் லாட்ஜா குடுக்கலாம்டா" என்று போன வருஷம் அக்கா சொன்னதும், "நானே டிசைன் பண்றேன்" என்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரத்தில் முடித்து அச்சகத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டேன்.

நாலு நாள் கழித்து 2,000 நோட்டீஸ் கட்டாக வந்தது. கருஞ்சிவப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து, கையில் பிடித்தால் படிக்கவே முடியவில்லை. போனில் பளிச்சென்று இருந்த வாழை இலைப் பச்சை, அச்சில் வாடிப்போன இலை மாதிரி இருந்தது. வங்காள வரியில் கூட்டெழுத்துகள் பிரிந்து தனித்தனியாக நின்றன. எல்லாவற்றையும் விட, போன் நம்பரை வலது ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். கட்டிங்கில் கடைசி இலக்கம் பாதி போய், அது 6-ஆ 8-ஆ என்றே தெரியவில்லை. 2,800 ரூபாய். அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டைப் பிரித்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைக் கணக்கு எழுத எடுத்துக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதம் சத்துவாச்சாரியிலிருந்து டவுனுக்கு பஸ் ஏறி ஏறி, டிடிபி ஆபரேட்டர்களிடமும் அச்சகக்காரர்களிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். இரண்டாவது நோட்டீஸ் சரியாக வந்தது. அந்த வழியை அப்படியே எழுதுகிறேன். மெஸ் என்று வரும் இடத்தில் டியூஷன், தையல் கடை, மொட்டைமாடி யோகா வகுப்பு என்று உங்கள் தொழிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. போனைத் திறக்காதீர்கள், ஒரு தாளை எடுங்கள்

நோட்டீஸைக் கையில் வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். எங்களுக்கு அது "இந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்". அவ்வளவுதான். நோட்டீஸில் உள்ள மற்ற எல்லாமே, அவர் அந்த நம்பரைக் கூப்பிடத் துணியும் அளவுக்கு நம்பிக்கை கொடுக்கத்தான்.

அதற்குக் கீழே, நோட்டீஸில் வர வேண்டிய எல்லாச் சொற்களையும் எழுதி முடித்துவிடுங்கள். பிறகு அடித்துத் திருத்துங்கள். என் முதல் நோட்டீஸில் "சுவையான, தரமான, சுகாதாரமான, வீட்டு முறையிலான" என்று நான்கு அடைமொழிகள். இரண்டாவதில் "காரம் குறைவான வீட்டுச் சாப்பாடு" மட்டும். நோயாளியோடு வந்தவர் தேடுவது அந்த ஒரு சொல்லைத்தான். காரம் குறைவு.

இதே நேரத்தில் கையில் இருக்க வேண்டிய காகிதங்களையும் எடுத்து வையுங்கள்:

– உணவுத் தொழில் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவுச் சான்று. அதில் உள்ள 14 இலக்க எண்ணை நோட்டீஸில் போடுங்கள், முன்பின் தெரியாதவர்களுக்கு அது ஒரு தெம்பு.
– ஜிஎஸ்டி எண் இருந்தால் அது. பில் உங்கள் தொழில் பெயரில் வேண்டுமானால் அச்சகத்தில் முதலிலேயே கொடுக்க வேண்டும்.
– முகவரி, கதவு எண், பின்கோடு. ஆதாரில் உள்ள முகவரியைக் கடை முகவரி என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.
– லோகோ இருந்தால் அதன் மூலக் கோப்பு. வாட்ஸ்அப் டிபியிலிருந்து எடுத்தது உதவாது.

தேர்தல் சம்பந்தமான நோட்டீஸ் என்றால் கதை வேறு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 127ஏ பிரிவுப்படி, அச்சடிப்பவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் தாளிலேயே இருக்க வேண்டும். வெளியிடுபவர் இரண்டு சாட்சிகளோடு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால்தான் அச்சகத்தில் வேலையைத் தொட முடியும்.

2. டிசைனுக்கு முன்பே அச்சகத்துக்குப் போங்கள்

பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்வது இங்கேதான். முதலில் டிசைன், பிறகு அச்சகம் என்று போனால், நீங்கள் போட்ட அளவு ஒன்றாகவும் அவர்களிடம் ஓடும் தாள் அளவு வேறாகவும் இருக்கும். கடைசியில் டிசைனை நசுக்கியோ வெட்டியோதான் அடிப்பார்கள்.

போய் இந்த ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன அளவு, என்ன தாள், எத்தனை கலர், குறைந்தது எத்தனை பிரதி, எந்தத் தேதிக்குள் கோப்பு வேண்டும்.

அளவு: நம் ஊரில் பிட் நோட்டீஸை இன்னும் "ஒன் பை எய்ட் டெம்மி" என்று சொல்லும் அச்சகங்கள் உண்டு. மல்டிகலர் அடிக்கும் இடங்களில் ஏ5 என்பார்கள். ஏ5 என்றால் 148 × 210 மி.மீ., ஏ4 தாளில் சரிபாதி. டெம்மியில் எட்டில் ஒன்றும் கிட்டத்தட்ட இதே அளவுதான், ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் ஒன்றல்ல. அதனால் பெயரைக் கேட்காதீர்கள், "கட்டிங்குக்கு அப்புறம் எத்தனை எம்எம்?" என்று கேளுங்கள்.

தாள்: ஒரே கலரில் அடிக்க மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத சாதாரணத் தாள் போதும், 60 அல்லது 70 ஜிஎஸ்எம். பல வண்ணம் என்றால் 90 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர். விசிட்டிங் கார்டுக்கு 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். எண் கூடினால் தாள் கெட்டி. ஒன்றைக் கவனியுங்கள்: பளபளப்பான ஆர்ட் பேப்பர் நம் ஊர் வெயிலில் கண்ணைக் கூசும். தெருவில் கொடுப்பதற்கு மேட் ரகம் நல்லது. அதன் மேல் பேனாவால் எழுதவும் முடியும்.

எண்ணிக்கை: ஆஃப்செட் என்ற அச்சு முறையில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும், நான்கு கலர் என்றால் நான்கு பிளேட். 100 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றேதான். அதனால்தான் "ஆயிரம் போட்டுருங்க தம்பி, ரேட்ல பெருசா வித்தியாசம் இல்ல" என்கிறார்கள். அது ஏமாற்று இல்லை. 100, 200 மட்டும் போதும் என்றால் டிஜிட்டல் பிரிண்ட் கேளுங்கள். பிளேட் கிடையாது, ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று கணக்கு.

நான் இரண்டாவது முறை கொடுத்தது: ஏ5, 90 ஜிஎஸ்எம் மேட், ஒரு பக்கம் மல்டிகலர், 2,000 பிரதி, 3,200 ரூபாய். கட்டிங் அதில் சேர்த்தி, ஜிஎஸ்டி தனி. ரேட் கேட்கும்போதே "இதுல டிசைன் சார்ஜ், கட்டிங், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தியா?" என்று கேட்டுவிடுங்கள். மூன்று இடத்தில் கேட்டேன். மிகக் குறைவாகச் சொன்ன இடத்தில் இந்த மூன்றும் தனித்தனி, கூட்டிப் பார்த்தால் அதுதான் மிக அதிகம்.

3. எதை முதலில் படிக்க வேண்டும்?

இதுதான் டிசைனின் உயிர். இது சரியாக அமைந்தால் மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் நோட்டீஸ் தன் வேலையைச் செய்துவிடும்.

லாட்ஜ் வாசலில் ஒருவர் உங்கள் நோட்டீஸை வாங்குகிறார். இரண்டு மூன்று விநாடி பார்ப்பார். அதற்குள் பிடித்தால் மடித்துச் சட்டைப்பையில் வைப்பார், இல்லையென்றால் கீழே போடுவார். அந்த விநாடிகளில் அவர் கண் எங்கே முதலில் விழ வேண்டும், அடுத்து எங்கே, மூன்றாவது எங்கே என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மூன்று படிதான். நான்காவது படி வந்தால் குழப்பம்.

எங்கள் நோட்டீஸில் முதல் படி: "காரம் குறைவான வீட்டுச் சாப்பாடு". இரண்டாம் படி: போன் நம்பர். மூன்றாம் படி: நேரம், விலை, இடம். மெஸ்ஸின் பெயர் எங்கே என்று கேட்பீர்கள். அது மேலே சின்னதாக இருக்கிறது. நானும் முதலில் பெயரைத்தான் மலைபோல் பெரிதாகப் போட்டேன். ஆனால் நேற்று ராத்திரி காட்பாடியில் ரயில் இறங்கி வந்தவருக்கு உங்கள் கடைப் பெயர் ஒன்றும் சொல்லாது. அவருக்குத் தெரிய வேண்டியது இங்கே என்ன கிடைக்கும் என்பது.

படியை எப்படிக் காட்டுவது? அளவால், தடிமனால், நிறத்தால், சுற்றிலும் விடும் இடத்தால். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று இரண்டு வகை இருப்பதால், அளவை மாற்றாமலேயே ஒரு வரியை எடுத்துக்காட்ட அவர்களால் முடியும். தமிழில் அந்த வசதி கிடையாது. அதனால் அளவு வித்தியாசத்தைத் துணிந்து வைக்க வேண்டும். 12 பாயின்ட் (எழுத்து அளவின் அலகு) விவரத்துக்கு மேல் 14 பாயின்டில் ஒரு தலைப்பு வைத்தால் அது தலைப்பாகவே தெரியாது, தவறிப் பெரிதான மாதிரி இருக்கும். என் இரண்டாவது நோட்டீஸில் விவரம் 12, தலைப்பு 34, நம்பர் 30.

சோதிக்க ஒரு வழி: ஏ4 தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். மங்கலாகத் தெரியும்போதும் எது முதலில் எழுந்து நிற்கிறதோ, அதுதான் உங்கள் முதல் படி. நீங்கள் நினைத்தது அதுதானா என்று பாருங்கள்.

4. எழுத்து: தமிழுக்கென்று சில கணக்குகள்

ஒரு நோட்டீஸுக்கு ஒரு எழுத்துரு, மிஞ்சிப்போனால் இரண்டு. ஒரே எழுத்துருவின் மெல்லிய, சாதாரண, தடித்த வகைகளை வைத்தே மூன்று படியையும் காட்டிவிடலாம்.

இலவசமாகவும் தொழிலுக்குப் பயன்படுத்த உரிமையோடும் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் நிறைய இருக்கின்றன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் விவரம் எழுத ஏற்றவை. தலைப்புக்குப் பலூ தம்பி நன்றாக உருண்டு திரண்டு நிற்கும். என்னைப் போல மூன்று நான்கு மொழியில் அடிப்பவர்களுக்கு நோட்டோ அல்லது அனேக் குடும்பம்தான் சரி. தமிழ், வங்காளம், தேவநாகரி, தெலுங்கு என எல்லாம் ஒரே தடிமனில், ஒரே சாயலில் கிடைக்கும். ஒவ்வொரு மொழிக்கும் கிடைத்த எழுத்துருவைப் போட்டால், நாலு நோட்டீஸைக் கிழித்து ஒட்டிய மாதிரி இருக்கும்.

வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். தமிழில் மேலே இகர, ஈகாரச் சுழிகள், கீழே உகர, ஊகார வால்கள். மேல் வரியின் "கூ"வும் கீழ் வரியின் "தீ"யும் முட்டிக்கொள்ளும். எழுத்து அளவைப் போல ஒன்றரை மடங்கு வைத்தால் படிக்க இதமாக இருக்கும். ஆனால் எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள். ஆங்கிலத் தலைப்பில் அழகாக இருக்கும் அந்த உத்தி, தமிழில் "கொ"வின் கொம்பை ஒரு பக்கமும் காலை இன்னொரு பக்கமும் தள்ளிவிடும்.

இரு ஓரமும் நேராக நிற்கும்படி வரிகளை இழுத்துக் கட்டுவதையும் தவிருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நோட்டீஸின் பத்தியோ குறுகலானது. ஒரு வரியில் இரண்டே சொல் வந்தால் நடுவில் பெரிய ஓட்டை விழும். இடது ஓரம் நேராக, வலது ஓரம் அதன் போக்கில் இருக்கட்டும்.

இப்போது பெரிய பொறி. நம் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களும்தான் ஓடுகின்றன. நீங்கள் யூனிகோடில் தட்டியதை அங்கே ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், அல்லது கொம்பும் சுழியும் இடம் மாறி நிற்கும். அவர்கள் மறுபடி தட்டச்சு செய்வார்கள், அப்போது புதிய பிழைகள் நுழையும். என் வங்காள வரிகள் உடைந்ததும் இந்த மாதிரி ஒரு இடமாற்றத்தில்தான். இதற்கு மருந்து 8-ஆம் பகுதியில் இருக்கிறது.

அடோபி மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: போட்டோஷாப், இன்டிசைனில் தமிழ் எழுத்து உடைந்து வந்தால் எழுத்துரு மேல் பழி போடாதீர்கள். பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

5. சேர்ந்தது சேர்ந்து இருக்கட்டும், நேர்கோட்டில் நிற்கட்டும், இடம் விடுங்கள்

மூன்றையும் ஒன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாக வந்துவிடும்.

சாப்பாட்டு நேரமும் விலையும் ஒரே சேதி. அவை பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். முகவரியும் வழி அடையாளமும் ஒரு குழு. குழுவுக்குள் இடைவெளி குறைவு, குழுவுக்கும் குழுவுக்கும் நடுவில் இடைவெளி அதிகம். இப்படி வைத்தால் கோடு, பெட்டி, பூ வேலைப்பாடு எதுவும் இல்லாமலே படிப்பவருக்குப் பிரிந்து தெரியும்.

பிறகு எல்லாக் குழுவும் ஒரே இடது ஓரத்தில் தொடங்கட்டும். நாம் பழக்கத்தில் எல்லாவற்றையும் நடுவில் வைக்கிறோம், கல்யாணப் பத்திரிகை பார்த்துப் பழகிய கண். பத்திரிகைக்கு அது பொருத்தம், சொற்கள் குறைவு. விவரம் அதிகமான நோட்டீஸில் ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கினால் கண் தேடி அலையும்.

இடம் விடுவது பற்றித்தான் வீட்டில் சண்டை வரும். "இவ்ளோ இடம் சும்மா கிடக்குதே, இன்னும் ரெண்டு ஐட்டம் போடேன்" என்று அக்காவும் சொன்னார். அக்கா வீட்டுக் கோலத்தைக் காட்டித்தான் புரியவைத்தேன். வாசல் முழுக்க மாவைக் கொட்டினால் கோலம் தெரியாது. விட்ட இடம்தான் கோட்டைக் காட்டுகிறது. அக்கா யோசித்துவிட்டு, பாயசம் என்ற வரியை அவரே எடுத்துவிட்டார்.

6. வண்ணம்

போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளி கலந்தது, அதை ஆர்ஜிபி என்பார்கள். அச்சு மையால் காட்டுகிறது. வானீலம் (சயான்), ஊதா கலந்த சிவப்பு (மெஜந்தா), மஞ்சள், கறுப்பு என நான்கு மை. அதுதான் சிஎம்ஒய்கே. திரையின் பளீர்ப் பச்சை, மின்னும் நீலம், எரியும் ஆரஞ்சு ஆகியவை இந்த நான்கு மையில் வரவே வராது. மஞ்சள் நன்றாக வரும், அடர்சிவப்பும் ஏமாற்றாது. பச்சை வேண்டுமானால் கொஞ்சம் கருமையான இலைப் பச்சையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம். பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, கூப்பிட வேண்டிய நம்பருக்கு மட்டும் ஒன்று. நம்பருக்குக் கொடுத்த நிறத்தை வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

எழுத்தும் பின்னணியும் வெளிச்ச அளவில் தூரமாக இருக்க வேண்டும். சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறம்தான், ஆனால் இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று படிக்காது. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். டிசைனைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். அதிலும் படிக்க முடிந்தால் போதும். என் முதல் நோட்டீஸை இப்படி ஒரு தடவை பார்த்திருந்தால் அன்றைக்கே தப்பியிருப்பேன். ஜெராக்ஸில் அது முழுக் கறுப்புப் பலகையாகத்தான் வருகிறது.

விவர எழுத்துகளுக்குக் கறுப்பு என்றால் தனிக் கறுப்பு மை மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும்.

7. படம், க்யூஆர், சின்னம்

படத்தைத் தேடுபொறியிலிருந்து எடுத்துப் போடாதீர்கள். பதிப்புரிமைச் சிக்கல் ஒரு பக்கம், வாசலில் வந்து "படத்துல இருந்த சாப்பாடு எங்க?" என்று கேட்பார்கள் என்பது இன்னொரு பக்கம். ஜன்னல் ஓரம் காலை வெளிச்சத்தில் உங்கள் தட்டையே படம் எடுங்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ5 முழுப்பக்கப் படம் என்றால் குறைந்தது 1748 × 2480 பிக்செல்.

வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை போடாதீர்கள். வேலூரில் மருந்துக் கடை, ஆம்புலன்ஸ், லாட்ஜ் என்று எல்லா நோட்டீஸிலும் அதைப் போடும் ஆசை வரும். அது செஞ்சிலுவை அமைப்பின் சின்னம், ஜெனீவா ஒப்பந்தச் சட்டம், 1960-படி மற்றவர்கள் பயன்படுத்தக் கூடாது. அதேபோல நான்கு சிங்க முத்திரையும். சாமி படம் பற்றி என் கருத்து: நோட்டீஸ் தெருவில் விழும், கால் படும். வேண்டாம்.

க்யூஆர் கோடு 2 செ.மீ.க்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, நான்கு புறமும் வெற்றிடத்தோடு இருக்கட்டும். சில இணையதளங்கள் இலவசமாகத் தரும் கோடு கொஞ்ச நாளில் காலாவதியாகி, பணம் கட்டச் சொல்லும். நோட்டீஸ் கைமாறிக்கொண்டே இருக்கும்போது கோடு செத்துப்போகும். உங்கள் இணைய முகவரியையே (லிங்க்) நேரடியாகப் பொதிந்த கோடாக எடுங்கள்.

8. கோப்பு: இந்த அரைமணி நேரத்தில் அவசரப்படாதீர்கள்

என் நம்பர் வெட்டுப்பட்டது இங்கே செய்த பிழையால். கட்டிங் மெஷினில் நூற்றுக்கணக்கான தாளை ஒன்றாக அடுக்கி வெட்டுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அங்கே இங்கே போகத்தான் செய்யும். அதனால் இரண்டு வேலை:

– பின்னணி நிறத்தை நான்கு புறமும் 3 மி.மீ. வெளியே நீட்டுங்கள். ஏ5 என்றால் கோப்பின் அளவு 154 × 216 மி.மீ. இதை பிளீட் என்பார்கள். விடாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியும்.
– எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டிலிருந்து 6 மி.மீ. உள்ளேயே இருக்கட்டும். நம்பருக்கு நான் 10 மி.மீ. விட்டேன்.

எழுத்து உடையாமல் இருக்க, எல்லா எழுத்தையும் வளைகோடுகளாக மாற்றுங்கள். அச்சகத்தில் "கர்வ் பண்ணிட்டு குடுங்க" என்பார்கள். இங்க்ஸ்கேப்பில் பாதையாக மாற்றும் கட்டளை, கோரல்டிராவில் கன்ட்ரோலும் க்யூவும். மாற்றியபின் எழுத்து வெறும் படம் ஆகிவிடும், எந்தக் கணினியிலும் அசையாது. ஆனால் அதன்பிறகு ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பை வேறு பெயரில் சேமித்துவிடுங்கள்.

கடைசியில் பிடிஎஃப் ஆக எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அச்சில் புள்ளி புள்ளியாக வரும். டாக்குமென்ட் ஆக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள். மென்பொருளுக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் மூன்றும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

9. புரூஃப் (மாதிரி அச்சு): கையெழுத்துப் போடுவதற்கு முன்

திரையில் பார்த்து "ஓகே" சொல்லாதீர்கள். 20, 30 ரூபாய் கொடுத்து ஒரு டிஜிட்டல் பிரிண்ட் எடுத்து, அசல் அளவுக்கு வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். நிறம் ஆஃப்செட்டில் சற்று மாறும், ஆனால் அளவும் எழுத்தும் தெரிந்துவிடும்.

நம்பரைக் கண்ணால் சரிபார்க்காதீர்கள். தாளைப் பார்த்து போனில் அழுத்திக் கூப்பிடுங்கள். அக்கா போன் அடிக்கிறதா? அப்போதுதான் அது சரி. க்யூஆரையும் வேறொருவர் போனில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

எழுத்துப் பிழைக்கு, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். நேராகப் படித்தால் மனம் தானாகத் திருத்திக்கொண்டே போய்விடும். எங்கள் புரூஃபில் "கறிக்குழம்பு" என்பது "கரிக்குழம்பு" ஆகியிருந்தது. அடுப்புக் கரியில் குழம்பு. ஐந்து தடவை படித்தும் நான் பார்க்கவில்லை. மெஸ்ஸில் காய் நறுக்கும் பாட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாபா, கரின்னு போட்டுக்கீற?" என்று கேட்டபோதுதான் பிடிபட்டது.

பிற மொழி வரிகளை அந்த மொழிக்காரர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலி எழுதியதை நம்பி அடிக்காதீர்கள். அம்மாவை வைத்தியத்துக்குக் கூட்டிவந்து எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேதினிபூர்க்காரர் ஒருவர், சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, வங்காளப் பகுதியில் மூன்று இடம் திருத்தித் தந்தார். செயலி போட்டிருந்த சொல்லைப் படித்தால் பத்தியச் சாப்பாடு என்று பொருள் வருமாம். நாங்கள் சொல்ல நினைத்தது வீட்டுச் சாப்பாடு.

எல்லாம் சரி என்றபின் அந்தப் புரூஃப் தாளிலேயே கையெழுத்தும் தேதியும் போட்டு, ஒரு நகல் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

10. நாள் கணக்கு

முதல் தாளில் எழுதத் தொடங்கி கட்டு கைக்கு வரும்வரை எனக்கு 12 நாள். எழுதவும் திருத்தவும் மூன்று, டிசைன் மூன்று, புரூஃப் சுற்று இரண்டு, அச்சும் உலர்த்தலும் கட்டிங்கும் நாலு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் போனால் பத்திரிகை வேலை நெரிசலில் உங்கள் நோட்டீஸ் வரிசையில் கடைசிக்குப் போகும். டிசம்பரில் காலண்டர், டைரி. ஆடியில் போங்கள், அச்சகக்காரர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகச் சொல்லித் தருவார். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஆடி மாதத்தில்தான் கிடைத்தார். சில கடைகள் வேலையை வாங்கி வெளியூருக்கு அனுப்பி அடித்துத் தருகின்றன. "இங்கயே ஓட்டுறீங்களா?" என்று கேட்டு, இல்லையென்றால் மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

11. பலகையும் வைக்கிறீர்கள் என்றால்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதலில், தமிழ்தான் பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்ற விகிதம் சொல்லப்படுகிறது. டிசைனின் படிவரிசையை இங்கே சட்டமே போட்டுக் கொடுத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து உயரத்துக்குப் பலகைக்காரர்கள் சொல்லும் எளிய கணக்கு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம். எதிர்ச்சாரியிலிருந்து, 40 அடியில் படிக்க வேண்டுமானால் நாலு அங்குல எழுத்து. ஃபிளெக்ஸுக்கு 300 புள்ளி தேவையில்லை, அசல் அளவில் 100 போதும். ரேட் சதுர அடிக் கணக்கு, ஃபிரேமும் மாட்டுக்கூலியும் தனி. 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனருக்கு 2022 ஜூலை 1 முதல் தடை. உங்கள் கடைச் சுவரைத் தாண்டிப் பொது இடத்தில் வைக்க மாநகராட்சி அனுமதி வேண்டும். நம் ஊர் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் நிற்கும். வெயில் நேராக விழும் சுவர் என்றால் போன் நம்பரைச் சிவப்பில் போடாதீர்கள்.

12. கட்டு வந்தபின்

மேலே உள்ள பத்தை மட்டும் பார்க்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உருவிப் பாருங்கள். வெட்டு கோணலாகியிருந்தால் அடிக்கட்டில்தான் தெரியும். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். மூலக் கோப்பு, வளைகோடாக்கிய கோப்பு, பிடிஎஃப், எழுத்துரு நான்கையும் ஒரே உறையில் போட்டு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அடுத்த முறை விலை மட்டும் மாறும். போன மாதம் அக்கா சாப்பாட்டு விலையை ஐந்து ரூபாய் ஏற்றியபோது, மூலக் கோப்பில் ஒரே ஒரு எண்ணைத் திருத்தி, அன்று மாலையே பிடிஎஃபை அச்சகத்துக்கு அனுப்பினேன்.